செங்கல் படம் வளைவுக்குப் போன கதை

நல்ல செங்கல் படம் வெயிலில் பிறப்பதில்லை. வானம் மூடிக்கிடக்கும் நாளில், சுவருக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தி எடுக்க வேண்டும். வெயிலடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு நிழல்கோடு விழும். அப்புறம் அந்தப் படத்தை வடக்குச் சுவரில் ஒட்டினாலும் மேற்குச் சுவரில் ஒட்டினாலும் சூரியன் ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்து வரிசைகள் வில்லாக வளைந்துவிடும். பின்னால் தள்ளிப்போய் ஜூம் செய்து எடுப்பதே மேல். கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் டெக்ஸ்ச்சர் என்று புழங்கும் பொருள் இதுதான். ஒரு சின்னப் படம். அதற்கென்று தனியாக ஓர் ஆயுளும் அலைச்சலும் உண்டு.

எடுத்த கையோடு அதைப் பயன்படுத்த முடியாது. படத்தின் வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் சேர வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்தடுத்து வைக்கும்போது சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும். ஃபோட்டோஷாப்பில் ஆஃப்செட் என்றொரு வசதி, படத்தைப் பாதி தூரம் நகர்த்தி ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் அந்த வெட்டை, குளோன் ஸ்டாம்ப்பை வைத்துக் கல் கல்லாக மறைக்க வேண்டும். படத்திலேயே அழகான கல் பலியாவது இந்தக் கட்டத்தில்தான். சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து கருநீலமாக வெந்த கல் ஒன்று எப்படியும் இருக்கும். படத்தில் ஒன்றுதான், பத்து முறை அடுக்கிய சுவரில் பத்து. கண் உடனே அதைத்தான் எண்ண ஆரம்பிக்கும். ஆகவே அதை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கல்லை நகலெடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள்.

இங்கே நாம் பின்தொடரும் படத்தில் அகலவாக்கில் எட்டுக் கல், உயரவாக்கில் பன்னிரண்டு வரிசை. நம்மூர்ச் சூளைக் கல்லின் நீளம் 9 அங்குலம், அதாவது சுமார் 230 மி.மீ. இரண்டு கல்லுக்கு நடுவில் கலவை 10 மி.மீ. ஆக ஒரு கல்லுக்கு 240, எட்டுக் கல்லுக்கு 1,920 மி.மீ. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் படத்தை ஏற்றும்போது இந்த அகலத்தைத் தட்டிவிட வேண்டும். மறந்தால் கல் ஒவ்வொன்றும் கதவளவுக்கு வந்து நிற்கும். வீட்டுக்காரர் அதைத்தான் முதலில் கவனிப்பார். அளவைச் சரியாகக் கொடுத்துவிட்டால், பெயின்ட் பக்கெட்டால் ஒரு சொடுக்கு. இருபதடி நேர்ச்சுவர் கட்டி முடிந்துவிடும். நேர்ச்சுவரில் இந்தப் படத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

வீட்டின் மூலையில் 2 மீட்டர் ஆரத்தில் வட்டமான படிக்கட்டு அறை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கெட்ச்அப்பில் வரையும் வட்டம் வட்டமே அல்ல. நாமாக மாற்றாத வரைக்கும் அது 24 பக்கங்கள் கொண்ட பலகோணம். அதை மேலே இழுத்தால் கிடைப்பவை 24 தட்டைப் பலகைகள், ஒவ்வொன்றும் 522 மி.மீ. அகலம். பலகைகள் சந்திக்கும் விளிம்புகளை மென்பொருள் மறைத்து, வெளிச்சத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைத்துவிடுவதால் பார்வைக்கு உருளையாகத் தெரிகிறது. அதன் மேல் நம் படத்தை ஊற்றினால் ஒவ்வொரு பலகையிலும் அது தன் போக்கில் தொடங்கும். 522 மி.மீ.க்குள் இரண்டு கல் அளவு முழுதாக அடங்கும். மிச்சத்தில் ஒரு சில்லு. வரிசைகளின் கிடைக்கோடு ஒழுங்காகச் சுற்றி வரும். செங்குத்து இணைப்புகள்தான் பலகைக்குப் பலகை முறியும். முறிந்த சில்லுகள் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் நிற்க, மென்பொருள் பாடுபட்டு மறைத்த 24 விளிம்புகளும் அம்பலமாகிவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் படத்தின் மேல் பழியைப் போட்டு வேறு படம் தேடப் போவார்கள். குற்றம் படத்தில் இல்லை. அதன் பரம்பரையைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அந்தப் பரம்பரை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லாந்தும் அங்கே கணினி வரைகலையை வளர்த்தார்கள். 1972இல் சதர்லாந்தின் மாணவர்கள் அவருடைய மனைவியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் மேலேயே கோடு கிழித்துப் புள்ளி வைத்து, அளவுகோலால் அளந்து கணினிக்குள் ஏற்றினார்கள். கிடைத்தது தட்டைப் பலகைகளால் ஆன கார். அதற்கு முந்தைய வருடமே ஹென்றி கூரோ என்ற மாணவர், பலகைகளின் முனைகளில் வெளிச்சத்தைக் கணக்கிட்டு இடையில் இழைத்துவிட்டால் தட்டைப் பலகை வளைவாகத் தெரியும் என்று காட்டியிருந்தார். ஸ்கெட்ச்அப் விளிம்புகளை மறைத்து உருளை காட்டுவது அந்தப் பழைய வித்தையின் வாரிசு. ஆனால் அது வெளிச்சத்துக்கான வித்தை. மேலே ஒட்ட வரும் படத்துக்கு அதில் இடமே இல்லை.

படத்துக்கு வழி கண்டவர் அதே பல்கலைக்கழகத்தின் எட்வின் கட்மல். பின்னாளில் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 2019ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை பாட் ஹன்ராஹனோடு பகிர்ந்துகொண்டவர். 1974இல் அவர் கொடுத்த ஆய்வேட்டில், வளைந்த பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போய், ஒவ்வொரு துண்டும் திரையின் ஒரு புள்ளி அளவுக்குச் சிறுத்ததும் நிறம் தீட்டும் முறையை விவரித்தார். அவர் எடுத்துக்கொண்ட பரப்புகள் உண்மையிலேயே வளைந்தவை. கணிதச் சமன்பாட்டால் ஆனவை. அப்படிப்பட்ட பரப்பில் எந்த இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு: யு என்று ஓர் எண், வி என்று ஓர் எண், இரண்டும் 0 முதல் 1 வரை. படத்துக்கும் அதே மாதிரி அகலம் 0 முதல் 1, உயரம் 0 முதல் 1. பரப்பின் முகவரியைப் படத்தின் முகவரியோடு சேர்த்துவிட்டால் படம் வளைவோடு வளையும். டெக்ஸ்ச்சர் என்ற சங்கதியின் பிறப்பு அதுதான்.

1976இல் ஜேம்ஸ் பிளின்னும் மார்ட்டின் நியூவெல்லும் இதை மேலும் கொண்டுபோனார்கள். நியூவெல் அதற்கு முந்தைய வருடம் தன் வீட்டு டீப்பாத்திரத்தை வரைபடத் தாளில் வரைந்து, அதன் வளைவுகளை எண்களாக்கியிருந்தார். சால்ட் லேக் சிட்டியில் ஒரு கடையில் வாங்கிய மெலிட்டா பாத்திரம் அது. இன்று கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நியூவெல்லின் கணக்கில் பாத்திரத்துக்கு அடிப்பாகமே இல்லை என்பது வரைகலைக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் விஷயம்.

ஸ்கெட்ச்அப் வேறு குடும்பம். அமெரிக்காவின் போல்டர் நகரில் 1999இல் தொடங்கிய அட் லாஸ்ட் சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம் 2000இல் அதை வெளியிட்டது. 2006இல் கூகுள் வாங்கியது. 2012இல் டிரிம்பிள் கைக்குப் போனது. பென்சில் பிடிக்கத் தெரிந்த எவரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் மென்பொருள் வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதற்காக எல்லாவற்றையும் கோடும் தட்டைப் பலகையுமாகச் சுருக்கினார்கள். ஒரு பலகையைப் பிடித்து இழுத்தால் பெட்டி, தள்ளினால் குழி. விலையாகக் கொடுத்தது வளைவின் நினைவை. அதில் உருளைக்குத் தான் உருளை என்பது தெரியாது. 24 பலகைகளுக்கும் பொதுவான யு, வி முகவரி கிடையாது. ரைனோ போன்ற மென்பொருள்களில் வளைபரப்பு தன் முகவரியைக் கையோடு வைத்திருக்கும். ஆனால் ரைனோவைக் கற்க மாதங்கள் பிடிக்கும். வீடு கட்டும் ஊரில் பத்துக்கு ஒன்பது சுவர் நேர்ச்சுவர்தான். ஆகவே ஸ்கெட்ச்அப் செய்துகொண்ட பேரம் நியாயமானதே என்பது என் கட்சி. மிச்சமிருக்கும் அந்த ஒரு சுவருக்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதலில் எல்லோரும் பிடிக்கும் வழி புரொஜெக்டட் என்பது. வளைந்த சுவருக்கு முன்னால் ஒரு தட்டைச் செவ்வகம் வரைந்து, அதில் படத்தை ஒட்டி, வலது சொடுக்கில் டெக்ஸ்ச்சர், புரொஜெக்டட் என்று குறி போட வேண்டும். பிறகு ஆல்ட் விசையை அழுத்தி அந்தச் செவ்வகத்திலிருந்து படத்தை எடுத்து, வளைந்த சுவரில் ஊற்ற வேண்டும். டூரிங் டாக்கீஸில் திரைக்குப் பதிலாகத் தூணின் மேல் சினிமா ஓட்டினால் என்ன தெரியுமோ அதுதான் இங்கேயும் தெரியும். நேர் எதிரே இருக்கும் பலகையில் கல் 230 மி.மீ. சுவர் வளைந்து விலக விலக அது நீளும். 60 பாகை திரும்பிய இடத்தில் சரியாக இரண்டு மடங்கு, 460 மி.மீ. 80 பாகையில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. 90 பாகையில் கல்லே இல்லை. நிறம் நீளக் கோடாக இழுபடும். முன்பக்கத்திலிருந்து மட்டும் ஒரு வியூ எடுத்துக் கொடுத்தால் போதும் என்றால் இதிலே தப்பித்துவிடலாம். கேமராவை நாலடி பக்கத்தில் நகர்த்தினால் குட்டு வெளிப்படும்.

இந்த வழியைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தை மேடுபள்ளமான நிலத்தின் மேல் போர்த்த இதைவிடச் சுலபமான முறை கிடையாது. நிலம் பெரும்பாலும் 90 பாகைக்கு நிமிர்வதில்லை. வட்டச் சுவர் நிமிர்கிறது, அதுதான் சங்கடம்.

உருளைக்குச் சரியான வழி, படத்தைப் பலகை பலகையாகத் தொடர்ந்து சுற்றுவது. மறைந்திருக்கும் விளிம்புகளைத் தெரியவைத்துக்கொண்டு, ஒரே ஒரு பலகையில் படத்தை ஒட்ட வேண்டும். வலது சொடுக்கில் டெக்ஸ்ச்சர், பொசிஷன் என்று உள்ளே போய், எதையும் நகர்த்தாமல் எண்டர் தட்டி வெளியே வர வேண்டும். ஒன்றுமே செய்யாததுபோல் தோன்றும். ஆனால் அந்த நொடியில் படம் மாடலின் தொடக்கப் புள்ளியைப் பார்ப்பதை விட்டு அந்தப் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. இப்போது அங்கிருந்து படத்தை எடுத்து அடுத்த பலகையில் ஊற்றினால், விட்ட இடத்திலிருந்து கல் தொடரும். விளிம்புகளை மறுபடி மறைத்துவிட்டு ஊற்றினால் 24 பலகையும் ஒரே சொடுக்கில் சுற்றிக்கொள்ளும்.

சுற்றி முடியும் இடத்தில்தான் கணக்கு வாய்ப்பாடு தேவைப்படும். 2 மீட்டர் ஆர வட்டத்தின் சுற்றளவு 12,566 மி.மீ.; ஸ்கெட்ச்அப்பின் 24 பலகைகளைக் கூட்டினால் 12,530தான். அதில் 52 கல் வைத்தால் 12,480. மிச்சம் 50 மி.மீ. அந்த மிச்சம் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் இரண்டு அங்குலத் துண்டாக, தரையிலிருந்து கூரை வரை நிற்கும். கொத்தனார் இப்படி விடமாட்டார். கலவை போடும் முன்னால் முதல் வரிசையை வெறுங்கல்லாகச் சுற்றி வைத்துப் பார்ப்பார். மிஞ்சினால் அதை எல்லா இணைப்புக்கும் பங்குபோடுவார். 50 மி.மீ.யை 52 இணைப்புக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு மி.மீ. கூட வராது. படத்துக்கும் அதே வைத்தியம்தான்: அகலத்தை 1,920 என்பதிலிருந்து 1,928 ஆக்கினால் சந்திப்பு மறைந்துபோகும். சிலர் இந்தக் கணக்குக்கெல்லாம் போகாமல், சந்திப்பைக் கதவின் பின்னாலோ மழைநீர்க் குழாயின் பின்னாலோ தள்ளிவிடுவார்கள். அவசரத்துக்கு அதுவும் சரிதான்.

குவிமாடத்துக்குப் போனால் இந்த வைத்தியம் பலிக்காது. உருளையை நெடுக வெட்டி விரித்தால் தட்டையான தாள் கிடைக்கும், கூம்பும் அப்படியே. அரைக்கோளம் எப்படி வெட்டினாலும் நீளாமல், சுருங்காமல், கிழியாமல் தட்டையாகாது. 1827இல் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் ஃபிரெடரிக் காஸ் இதை நிரூபித்துவிட்டார். வரைபடக்காரர்களுக்கு அனுபவத்திலேயே தெரியும்: 1569இல் மெர்கேட்டர் வரைந்த உலகப் படத்தின் முறையில் துருவம் நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போகும்.

நம் செங்கல் படத்துக்கு நேர்வது இதற்குத் தலைகீழ். அதே 2 மீட்டர் ஆரத்தில் ஒரு குவிமாடம் என்றால், அதன் அடிவளையத்தில் 52 கல். 60 பாகை ஏறியதும் வளையத்தின் ஆரம் பாதியாகிவிடும். படத்தைச் சுற்றிப் போர்த்தினால் அங்கேயும் 52 கல்தான் இருக்கும், ஒவ்வொன்றும் பாதி அகலத்தில். உச்சியில் 52 ஊசிமுனை. கட்டுகிற கொத்தனாரோ அந்த வளையத்தில் 26 கல் வைப்பார். மேலே போகப் போக எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, கல்லின் அளவைக் காப்பாற்றுவார். ஒட்டிய படத்துக்கு எண்ணிக்கையைக் குறைக்கத் தெரியாது.

ஆகவே இங்கே வேறு ஆயுதம். ஸ்கெட்ச்யூவி, த்ரூபெயின்ட் போன்ற கூடுதல் கருவிகளையோ பிளெண்டர் என்ற மென்பொருளையோ வைத்து, பரப்பு எங்கே கிழிய வேண்டும் என்று நாமே கோடு போட்டு விரிப்பது. பத்துப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்தால் ஒவ்வொரு துண்டிலும் கல் ஏறக்குறைய சரியான அளவில் நிற்கும். துண்டுகள் சேரும் கோட்டில் கல் உடையும். கோட்டின் மேல் ஒரு விலா வருமாறு குவிமாடத்தை வரைந்திருந்தால் உடைப்பு அதன் கீழே போய்விடும். வீ-ரே போன்ற ரெண்டர் மென்பொருள்களில் டிரைபிளேனர் என்று இன்னொரு வழி உண்டு: மூன்று திசையிலிருந்தும் படத்தை வீசி, சந்திக்கும் இடத்தில் ஒன்றில் ஒன்றைக் கலப்பது. சுண்ணாம்பு, மண்பூச்சு, கான்கிரீட் என்றால் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். செங்கல் என்றால் கலக்கும் இடத்தில் இரண்டு சுவர் ஒன்றின் மேல் ஒன்று பேயாகத் தெரியும். த்ரீ-டி வியூக்களில் குவிமாடங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும்தான் காரணமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இதற்கிடையே படத்துக்குத் துணையாட்களும் சேர்ந்திருப்பார்கள். கலவைக் கோடு உள்வாங்கித் தெரிய ஒரு படம். பிளின் 1978இல் காட்டிய வழியின் வழித்தோன்றல் அது. தூரத்தில் செங்கல் கோடுகள் மினுமினுக்காமலிருக்க, 1,024 புள்ளிப் படத்தை 512, 256, 128 என்று பாதி பாதியாகக் குறைத்து அடுக்கிவைப்பது. 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் கொடுத்தது. இவையெல்லாம் திரைக்குப் பின்னால் தாமாக நடக்கும். சுவரின் ஓரத்தைப் பார்த்தால் மட்டும் உண்மை தெரியும்: உள்வாங்கிய கலவைக் கோடு எதுவும் விளிம்பில் பல்லாகத் தெரியாது, கத்தியால் வெட்டினதுபோல் நேராக இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு படம் காட்டும் சுவர் கட்டக்கூடிய சுவரா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2 மீட்டர் ஆரத்தில் கல்லின் நீளப் பக்கம் வெளியே தெரிய யாரும் கட்ட விரும்ப மாட்டார்கள். 230 மி.மீ. நேர்முகம் வட்டக்கோட்டிலிருந்து நடுவில் 3 மி.மீ.க்கு மேல் விலகும். மேல்வரிசைக் கல்லின் முனை கீழ்வரிசைக் கல்லின் நடுவைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சாய்வெயிலில் சுவர் முழுக்கப் பல் பல்லாக நிழல் விழும். இறுக்கமான வளைவில் கல்லைத் திருப்பி, 110 மி.மீ. குட்டைப் பக்கம் வெளியே தெரிய வைப்பதே வழக்கம். அப்போது ஒன்பது அங்குலச் சுவரின் உள்முகம் 1.77 மீட்டர் ஆரத்தில் இருக்கும். உள்பக்கம் இணைப்பு 10 மி.மீ. என்றால், அதே இணைப்பு வெளிப்பக்கம் 25 மி.மீ.க்கு விரியும். வளைவு முழுவதையும் கலவைதான் வாங்கிக்கொள்கிறது. நம் படத்திலோ வெளியே 10, உள்ளே 10.

வளைந்த செங்கல் சுவர் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் எழுப்பிய இந்தியன் காபி ஹவுஸ். தளம் சுருளாக ஏறிக்கொண்டே போகும். அதோடு சுவரில் கல் விட்டு வைத்த துளைகளும் சரிந்து ஏறும். கட்டடக்கலை மாணவர்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள அருமையான கட்டடம். செங்கல் படத்தை அதில் ஒட்ட முயல்வது வீண்வேலை. துளை என்பது படம் அல்ல. அதன் வழியே வெளிச்சம் வந்து தரையில் விழ வேண்டும்.

அங்கே படத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கல்லை மட்டும் கம்பொனன்டாகச் செய்து, மையப்புள்ளியைச் சுற்றி நகலெடுத்து அடுக்குவதே வழி. நம் படிக்கட்டு அறையிலும் அதைச் செய்யலாம். மூன்று மீட்டர் உயரத்துக்கு 35 வரிசை. குட்டைப் பக்கம் வெளியே வைத்தால் சுற்றுக்கு 92 கல். மொத்தம் 3,220 கல். கல்லுக்கு ஆறு முகம் என்றால் 19,320 முகம். இன்றைய கணினிக்கு அது பெரிய சுமை அல்ல. படத்துக்கும் ஓய்வில்லை: வெட்டித் துண்டாக்கி ஒவ்வொரு கல்லின் தட்டை முகத்திலும் ஒட்ட வேண்டும். அங்கே நீட்டவும் சுருக்கவும் எதுவும் கிடையாது.

இப்படி அடுக்கிய சுவரை ஒப்பந்தக்காரரிடம் காட்டினால், அவர் கண் கல்லில் நிற்காது. விரிந்து கிடக்கும் 25 மி.மீ. இணைப்பைக் காட்டி, சிமெண்ட் மூட்டை எத்தனை கூடும், இல்லை கல்லை ஆப்பாகச் செதுக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பார்.